பன்னிரண்டு அடித் தண்ணீர்

ஆழத்தைப் பற்றி நான் பொய் சொன்னேன். மீன்பிடிக்கிறவன் பிடித்த மீனின் நீளத்தைக் கூட்டிச் சொல்வது ஊரறிந்த சங்கதி. அதை யாரும் பொய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் சொன்னது அந்த வகை இல்லை. என்னை நம்பி வழி கேட்ட ஒருவரை, தெரிந்துகொண்டே வெறும் தண்ணீருக்கு அனுப்பினேன்.

இடம் ஒன்ராறியோ ஏரி. ஏப்ரல் மாதத்தில் ரொறன்ரோவிலிருந்து ஏரியைச் சுற்றிக்கொண்டு செயின்ற் கதரின்ஸ் பக்கம் போவோம். போர்ட் டல்ஹவுசியில் வள்ளத்தை இறக்கினால், கரையை ஒட்டியே கோஹோ சாமன் கிடைக்கும். ஒன்றரை, இரண்டு கிலோ வரும். பொரிக்கவும் நல்லது, குழம்புக்கும் உடையாது. கோடையில் இதே மீனை நூறு அடிக்குக் கீழே தேட வேண்டும். வசந்தத்தில் பத்து, பன்னிரண்டு அடித் தண்ணீருக்கு வந்து நிற்கும்.

ஏன் வருகிறது என்பதை நான் ஆசையாகப் படித்து வைத்திருந்தேன். நன்னீர் 4 பாகை செல்சியஸில்தான் அதிகம் கனக்கும். குளிர்காலம் முடியும்போது ஏரி முழுவதும் அதற்குக் கீழே குளிர்ந்து கிடக்கும். சராசரி ஆழம் 86 மீற்றர். அவ்வளவு தண்ணீரும் சூடேற மாதங்கள் ஆகும். கரையோரத்து ஆழமில்லாத தண்ணீர்தான் முதலில் 4 பாகையைத் தாண்டும். அதுவும் வெளியே இருக்கும் குளிர்ந்த தண்ணீரும் கலக்கிற இடத்தில் வெப்பம் சரியாக 4 பாகைக்கு வர, கலந்த தண்ணீர் கனத்துக் கீழே இறங்கிவிடும். அப்படி இறங்கிக்கொண்டே இருப்பதால் கரைச்சூடு வெளியே போக முடியாமல் அடைபட்டு நிற்கிறது. ஆறுகள் கொண்டுவரும் கலங்கலும் அதற்குள்ளேதான். சின்ன மீன்கள் அந்தச் சூட்டைத் தேடி வர, சாமன் அவற்றைத் தேடி வரும். ஜூன் வரை இந்த எல்லை மெல்ல மெல்ல வெளியே நகரும். ஏப்ரலில் கரைக்குக் கிட்டத்தான் நிற்கும்.

இதை அறியாதவரை ஏமாற்றுவது மிகச் சுலபம், ஏனென்றால் கருவியும் கூடச் சேர்ந்து ஏமாற்றும். வள்ளத்துக்கு அடியில் சோனார் பாய்ச்சும் ஒலி டோர்ச் வெளிச்சம் மாதிரி. தூரம் போகப் போகத்தான் விரியும். பன்னிரண்டு அடியில் அது பார்க்கிற இடம் ஒரு மேசையளவுகூட வராது. வள்ளத்தின் சத்தத்துக்கு மீன் முன்னமே விலகியும் விடும். திரையில் ஒன்றும் தெரியாது. அதனால்தான் பக்கவாட்டில் பிளானர் பலகையைக் கட்டி, நூலை வள்ளத்திலிருந்து அறுபது, எழுபது அடி ஒதுக்கி இழுக்கிறோம். செம்மஞ்சள் பொய்மீன் தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு, மூன்றடி கீழே வரும். வேகம் மணிக்கு மூன்று, மூன்றரைக் கிலோமீற்றர். நேராக ஓட்டாமல் வளைத்து வளைத்து ஓட்ட வேண்டும். வளைவில் வெளிப்பலகை விரையும், உட்பலகை தாமதிக்கும், அந்த மாற்றத்தில்தான் பெரும்பாலும் கடிக்கும். பலகை ஒருதரம் அதிர்ந்து பின்னுக்கு இழுபட்டால், உடம்பில் இருக்கிற குளிரெல்லாம் போய்விடும்.

என்னிடம் வழி கேட்டவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். யாழ்ப்பாணத்து மயிலிட்டிக்காரர். கூடப் பிறந்தவர் இல்லை, ஸ்காபரோவில் பழக்கம். தகப்பன், பேரன் எல்லோரும் கடல். 1990இல் போரால் ஊரே இடம்பெயர்ந்தது. இராணுவம் துறைமுகத்தை 2017இல்தான் விட்டது, அதற்குள் இவர் இங்கே இரவு வேலைகளில் முதுகை முறித்து முடித்திருந்தார். பிறகு பதினாறடி அலுமினிய வள்ளம் ஒன்றைப் பழசாக வாங்கினார். ஒரு கலியாண வீட்டில் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்.

“தம்பி, சாமனை எத்தினை அடியிலை இழுக்கிறனீ?”

“எண்பது, நூறுக்குப் போங்கோ அண்ணை. கரையிலை ஒண்டுமில்லை.”

யோசித்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகு திருத்துவதற்கு எனக்குச் சாப்பாட்டுப் பந்தி முழுவதும் நேரம் இருந்தது.

மீன் குறைந்துவிடும் என்ற பயமா? அதுவும் இல்லை. கோஹோ இந்த ஏரியின் மீனே அல்ல. பசிபிக் கரையிலிருந்து கொண்டுவந்து, 1960களின் பிற்பகுதியிலிருந்து பொரிப்பகத்தில் வளர்த்து விட்ட இனம். என் அப்பன் வீட்டுச் சொத்தைக் காப்பது போல நான் காத்தது அதைத்தான்.

உண்மையான காரணத்தைச் சொல்கிறேன். எங்கள் வீடு தோட்டக்காணி வீடு. மீன் கொண்டு வருகிறவர் படலைக்கு வெளியே நிற்பார். தண்ணீர் கேட்டால் கொடுக்க வேறு பேணி இருந்தது. அந்தப் பேணியை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இங்கே வந்து, சாதியெல்லாம் ஊரோடு போயிற்று என்று கூட்டங்களில் பேசியும் இருக்கிறேன். ஆனால் பொழுதுபோக்குக்காக நான் கற்ற வித்தையில் அண்ணை ஒரே வசந்தத்தில் என்னைத் தாண்டிவிடுவார் என்று தெரிந்ததும், எனக்குள் இருந்த படலை சாத்திக்கொண்டது. தண்ணீரிலும் நான் மேலே இருக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு வேறு பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அதோடு நிற்கவில்லை. ஏப்ரலில் நூறடித் தண்ணீர் என்பது கரையை விட்டு வெகுதூரம். விழுந்தால் சில நிமிடங்களில் கை விறைத்துவிடும். வள்ளத்தின் விளிம்பைப் பிடிக்கவும் வராது. அந்தச் சின்ன வள்ளத்தில் அவர் தனியே போகிறார் என்பதும் எனக்குத் தெரியும். காற்று எழும்பிய ஒரு சனிக்கிழமை நான் கரைக்கு வந்தபோது, அவருடைய டிரெய்லர் வெறுமையாக நின்றது. காத்திருக்கவில்லை. காரில் ஏறி வந்துவிட்டேன். இரவு அவருடைய வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, வேறு ஏதோ கேட்பது போல அவருடைய குரலைக் கேட்ட பிறகுதான் சாப்பிட்டேன்.

மே தொடக்கத்தில் அவரே எடுத்தார்.

“தம்பி, நீ உந்த ஆழத்திலை போய் மினைக்கெடாதை. தண்ணி நிறம் மாறுற இடத்தையும் குருவி இறங்கிறதையும் பாத்துக் கரைக்கு வந்தனான். பன்னிரண்டு அடியிலை நிக்குது. ஆருக்கும் சொல்லாமல் விடுவம் எண்டில்லை, முதல் உனக்குச் சொல்லுவம் எண்டு எடுத்தனான்.”

“அப்படியே அண்ணை?” என்றேன்.

அடுத்த கிழமை இரண்டு செம்மஞ்சள் பொய்மீன்களை வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார். என் பெட்டியில் அதே நிறத்தில், அதே அளவில் ஏழெட்டு இருந்தன. வேண்டாம் என்றால் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டி வரும். வாங்கிக்கொண்டேன், நன்றியும் சொன்னேன். தேத்தண்ணீரை எங்கள் வீட்டு நல்ல கோப்பையில்தான் கொடுத்தேன்.