பாலையின் பொழுது

பாலைக்கு நண்பகலும் வேனிலும் பொழுதுகள், பிரிவு உரிப்பொருள் என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். துபாயில்தான் மூன்றையும் ஒருசேரக் கண்டேன். ஜூலையில் இங்கே மாடித்தொட்டி நீர் கொதித்துக் கிடக்கும். கீசரை அணைத்துவைத்து, வெந்நீர்க் குழாயில்தான் சற்றே குளிர்ந்த நீர் பிடிக்கிறோம். (தலைகீழ் வாழ்க்கை!)

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணிவரை நேர் வெயிலில் வேலை வாங்கலாகாது என்பது அமீரகச் சட்டம். எதிரே எழும் கட்டடத்தின் நிழலில் அந்நேரம் நம்மூர்த் தொழிலாளர்கள் சாய்ந்திருப்பார்கள். ஊரில் அப்போது மணி இரண்டு, பிள்ளைகள் பள்ளியில். இவர்கள் வேலை முடிந்து முகாம் சேர்வதற்குள் பிள்ளைகள் உறங்கிவிடுகிறார்கள். அறந்தாங்கிக்காரர் ஒருவர், மகள் திருக்குறள் ஒப்பித்து முந்தின நாள் வாட்ஸப்பில் அனுப்பிய குரல்பதிவை அந்த இடைவேளை முழுதும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.