சத்தி ரோட்டில் அணைந்த ஹெட்லைட்

அன்னூர் பக்கம் எங்கள் தோட்டம். ஒரு ஏக்கர் கறிவேப்பிலை, மீதி வாழை. கறிவேப்பிலையை அறுத்துவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாகக் கோவை எம்.ஜி.ஆர். மொத்த மார்க்கெட்டில் இறக்கியாக வேண்டும். வெயில் ஏறினால் இலை வாடும். வாடிய இலையை யாரும் விலை கேட்க மாட்டார்கள்.

எங்களிடம் இருப்பது 2009-ம் வருஷத்து டீசல் பிக்கப். இன்ஜின் நன்றாக இருக்கிறது. கரண்டுதான் ஒரு வருஷமாகப் பாடாய்ப் படுத்தியது. காலையில் செல்ஃப் இழுத்து இழுத்துத்தான் ஸ்டார்ட் ஆகும். பல நாள் தள்ளித்தான் எடுத்தோம். பிரேக்கை மிதித்தால் பின்பக்க இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரியும். ஒரே வருஷத்தில் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது. அடுத்து டைனமோவை மாற்றச் சொன்னார்கள். அதற்கும் பணம் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் ஒரு ராத்திரி, மூன்று மணி இருக்கும், கோவில்பாளையம் காலகாலேசுவரர் கோயில் ஊரைத் தாண்டி ஒரு குழியில் வண்டி இறங்கி ஏறியது. இரண்டு ஹெட்லைட்டும் அணைந்துவிட்டன. எதிரில் லாரி வெளிச்சம். பக்கத்தில் என் மகன். கண் கூசியதில் ரோட்டோரம் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. எப்படியோ ஓரங்கட்டினேன். லோடு ஏற்றிய வண்டிக்கு முன்னாலும் விளக்கில்லை, பின்னாலும் விளக்கில்லை. வேகமாக வரும் ஒரு பஸ்ஸுக்கு நாங்கள் கண்ணில் பட்டிருக்கவே மாட்டோம். வெளுக்கும்வரை இறங்கி நின்று, செல்போன் டார்ச்சைக் காட்டிக்கொண்டே இருந்தோம். அன்றைக்கு இலை பாதி விலைக்குத்தான் போனது. உயிர் தப்பியதே பெரிது.

திரும்பும்போது வீட்டுக்குப் போகவில்லை. நேராகச் சரவணம்பட்டிக்கு விட்டேன்.

பட்டறை ஊர்

சத்தியமங்கலம் தாண்டி, திம்பம் மலையேறி மைசூர் போகிற ரோட்டில் கோவையின் வாசல்படி மாதிரி இருக்கும் ஊர் சரவணம்பட்டி. எங்கப்பா காலத்தில் இது சோளக்காடும் பருத்திக்காடுமாகக் கிடந்த ஊர். 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்தது. இன்று மெயின் ரோட்டில் கண்ணாடிக் கட்டடங்கள், ஐ.டி. கம்பெனிகள், கல்லூரி பஸ்கள். ஆனால் குறுக்குச் சந்துகளில் நுழைந்தால் லேத்துப் பட்டறையும், மோட்டார் காயில் கட்டும் கடையும் இன்னும் இருக்கின்றன.

இது சும்மா வந்த பழக்கமல்ல. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோவையில் மில்லும் பம்புசெட்டும் பெருகின. இந்தியாவிலேயே முதல் மின் மோட்டாரை 1937-ல் உருவாக்கியவர்கள் என்று ஜி.டி.நாயுடுவையும் டி.பாலசுந்தரம் நாயுடுவையும் சொல்வார்கள். சரவணம்பட்டிக்கு அடுத்த கணபதியில் ஃபவுண்டரிகளும் பட்டறைகளும் தெருத்தெருவாக வளர்ந்தன. நான் தேடிப்போன பெரியவரும் அங்கே தொழில் பழகியவர்தான். தகரக் கொட்டகை, வேப்பமரம், மரத்தடியில் ஒரு பெஞ்சு. அவ்வளவுதான் பட்டறை.

"டைனமோ மாத்தோணும்னு சொல்லிட்டாங்கண்ணா" என்றேன்.

"யாரு, அளந்து பாத்துச் சொன்னாங்களா, வாயில சொன்னாங்களா தம்பி?" என்றார்.

மீட்டர் சொன்ன கதை

ஒரு சாதாரண மல்டிமீட்டரை எடுத்து டி.சி. 20 வோல்ட்டில் வைத்தார். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் போடச் சொன்னார். டைனமோவில் அளந்தார்: 14.2 வோல்ட். பேட்டரியில் அளந்தார்: 13.4 வோல்ட்.

"டைனமோ சரியாத்தான் குடுக்குது. வழியில முக்கா வோல்ட்டுக்கு மேல காணாமப் போகுது. உங்க கிணத்து மோட்டார் நல்லா ஓடுது, கடைசி வாய்க்கால்ல தண்ணி வரலீன்னா மோட்டாரையா மாத்துவீங்க? பைப்புல எங்க அடைப்புன்னு பாப்பீங்கல்ல?"

பிறகு மீட்டரின் சிவப்பு முனையை இன்ஜின் இரும்பிலும், கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் வைத்துக்கொண்டு, என்னைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். மீட்டர் 2 வோல்ட்டைத் தாண்டியது. அங்கே கால் வோல்ட்டுக்குமேல் காட்டக் கூடாதாம். அரை வோல்ட்டைத் தாண்டினாலே எர்த் சரியில்லை என்று அர்த்தம்.

வண்டிக்கு அடியில் படுத்து, இன்ஜினையும் சேஸிஸையும் இணைக்கும் எர்த் பட்டையைக் காட்டினார். செம்பெல்லாம் பச்சைப் பூத்து, பாதி இழை அறுந்து கிடந்தது. முன்பக்கம் ஹெட்லைட் எர்த் போல்ட்டைத் தொட்டதும் ஆடியது. பின்லைட்டின் எர்த்தும் துரு. அதனால்தான் பிரேக் விளக்குக்கு வந்த கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் இண்டிகேட்டர் வழியாகப் போயிருக்கிறது.

"உரம் ஏத்துவீங்களா?" என்று கேட்டார். "பொட்டாஷ், யூரியா எல்லாம் இதில்தான் வரும்" என்றேன். "பொட்டாஷ் உப்புங்க தம்பி. சிந்துனது ஈரம் பட்டாக் கரைஞ்சு இடுக்குல எறங்கும். இரும்பையும் திங்கும், செம்பையும் திங்கும். லோடு எறக்குனா அன்னைக்கே கழுவிக் காய விட்டுருங்க" என்றார்.

மூன்று இடத்திலும் உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாகத் தேய்த்தார். இன்ஜினுக்குப் புது எர்த் பட்டை, மற்ற இடங்களுக்குப் புது போல்ட், இறுக்கிய பிறகு மேலே கிரீஸ். மறுபடி அளந்தபோது பேட்டரியில் 14.1 வந்தது. செல்ஃப் ஒரே அடியில் பிடித்தது. என்னிடம் வாங்கியது 650 ரூபாய்.

வீட்டிலேயே பார்க்கலாம்

சில நூறு ரூபாய் மீட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் கீழே சொல்வதை நீங்களே பார்க்கலாம். அவர் எனக்குச் சொல்லித் தந்த வரிசை இது.

1. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பேட்டரியை அளக்கவும். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.0 என்றால் கிட்டத்தட்டக் காலி.

2. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 9.6-க்குக் கீழே இறங்கினால், முதலில் சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி பார்க்கவும். அப்போதும் இறங்கினால் பேட்டரியைச் சந்தேகப்படலாம்.

3. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். குறைந்தால் டைனமோவிலும் அளக்கவும். அங்கே சரியாக இருந்தால் கோளாறு வயரில். அங்கேயும் குறைவென்றால் முதலில் பெல்ட், பிறகு டைனமோ.

4. செல்ஃப் அடித்துக்கொண்டே இன்ஜின் எர்த்தை மேலே சொன்னபடி அளக்கவும்.

5. இதெல்லாம் சரியாக இருந்தும் நிறுத்திய வண்டியில் பேட்டரி இறங்குகிறதா? ராத்திரி மைனஸ் வயரைக் கழற்றி வைக்கவும். அப்போது இறங்காவிட்டால், ஏதோ ஒன்று திருட்டுத்தனமாகக் கரண்ட் இழுக்கிறது. முறுக்கிச் சேர்த்த ஹாரன், பாட்டுப்பெட்டி வயர்களில் தேடுங்கள். மாட்டுக் கொட்டகையில் வண்டி நிற்கிறதென்றால் எலி கடித்த வயரையும் தேடுங்கள்.

அளக்கும் முன் நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்துவிடுங்கள். இன்ஜின் ஓடும்போது தோளில் துண்டோடு குனியாதீர்கள், பெல்ட் இழுத்துவிடும். பேட்டரிப் பக்கம் பீடி, தீக்குச்சி வேண்டாம். வயரைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பியூஸ் போனால் அதே ஆம்பியர் பியூஸ்தான் போட வேண்டும். கம்பியோ சிகரெட் பேப்பரோ வைத்தால் வயர் பற்றி வண்டியே எரியும்.

கிளம்பும்போது, "இந்த இடத்தையும் கேட்டுக்கிட்டு இருக்காங்க தம்பி. இன்னும் எத்தன நாளுன்னு தெரியாது. அதான் மீட்டர் புடிக்கச் சொல்லிக் குடுத்தேன்" என்றார் பெரியவர். அன்று சாயங்காலமே ஒரு மீட்டர் வாங்கிவிட்டேன். இப்போது லோடு ஏற்றும் முன் விளக்கெல்லாம் போட்டு, பிரேக் மிதித்து, பின்னால் நின்று மகன் "எரியுது" என்று சொன்ன பிறகுதான் வண்டி நகரும்.

நம் கேள்வி-பதில் பகுதிக்கு வண்டிக் கோளாறு எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "பேட்டரி நிற்கவில்லை" என்று மட்டும் எழுதாமல், மேலே சொன்ன அளவுகளையும் சேர்த்து எழுதுங்கள். பாதி பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கும்.