ரிச்சி ஸ்ட்ரீட்: ஒரு ரூபாய் வைவா!

புது நோட்டு, புது பேக், புது ஷூ... அதெல்லாம் ஸ்கூல் பசங்க சமாச்சாரம் பாஸ். ஃபைனல் இயருக்குத் திரும்புகிற எலெக்ட்ரானிக்ஸ் பார்ட்டிகளுக்கு, காலேஜ் திறக்கும் முன்னாடி தரிசிக்க வேண்டிய புண்ணிய ஸ்தலம் ஒண்ணுதான். சென்னை, ரிச்சி ஸ்ட்ரீட்!

பேர்தான் ஸ்ட்ரீட்டே தவிர, அது ஒத்தத் தெரு கிடையாது. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு என அண்ணா சாலைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவில் பின்னிக் கிடக்கிற சந்துபொந்து எல்லாத்துக்கும் சேர்த்து அந்த ஒரே பேர். (மீரான் சாகிப் தெருன்னதும் பழைய ஆளுங்களுக்கு சினிமா விநியோகஸ்தர்கள் ஆபீஸ்தான் ஞாபகம் வரும். நமக்கு பிரெட்போர்டு!) தாம்பரம் பக்கத்திலிருந்து வர்றவங்க லோக்கல் ட்ரெயினில் கிண்டி வந்து, மெட்ரோ மாறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் அப்புறம் பொடிநடைதான். கேசினோ தியேட்டர் எங்கேன்னு கேட்டால் யாரும் வழி சொல்வாங்க. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போயிடாதீங்க. பெரும்பாலும் ஷட்டரைத்தான் பார்த்துட்டுத் திரும்பணும்.

நாங்க நாலு பேர். ஒருத்தன் டாப்பர். ஒருத்தன் எங்க டீமோட 'பட்ஜெட் பத்மநாபன்'. ஒருத்தன் வேலூர்க்காரன், வாயைத் திறந்தா முத்து உதிர்ந்திடும்னு பயப்படுற ஜாதி. நாலாவது நான். தலைக்கு 1,500 போட்டு கையில் 6,000 ரூபாய். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு எங்க மொத்த ஆஸ்தியும் அவ்வளவுதான்.

ப்ராஜெக்ட் ஐடியா வேலூர்க்காரன் வீட்டிலிருந்து வந்தது. அவங்க வீட்டு போர்வெல்லில் ஒரு எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார். ரெண்டு மாடும், கொல்லையில் இருக்கிற கத்திரிப் பாத்தியும் அதை நம்பித்தான். கோடையில் தண்ணி கீழே இறங்கினது தெரியாமல் மோட்டார் சும்மா ஓடி, காயில் கருகிடும். ஒரே கோடையில் ரெண்டு தடவை ரீவைண்டிங்! தண்ணி இல்லாமல் ஓடும்போது மோட்டார் இழுக்கிற கரன்ட் குறையும். அதைக் கண்டுபிடிச்சு மோட்டாரைத் தானா நிறுத்துற ஒரு குட்டிப் பெட்டி செய்யணும். இதுதான் பிளான்.

தெருவுக்குள் காலை வெச்சதும், 'சார்... லேப்டாப்பா? சி.சி.டி.வி.யா? டிஸ்ப்ளே மாத்தணுமா?' என்று நாலு பக்கமும் குரல். காலுக்கடியில் வொயர் துண்டு, தலைக்கு மேல் வொயர் கொடி. ஒரு ட்ரைசைக்கிள் நிறைய செத்துப்போன ஸ்பீக்கர் பெட்டிகள். ஒரு கடையில் ஃபிளக்ஸ் பேனரைவிடப் பெரிய டி.வி., பக்கத்துக் கடையில் மிளகு சைஸ் எல்.இ.டி. இடையில் எங்க பட்ஜெட் பத்மநாபன் யாரிடமோ பேசிக்கிட்டே ஒரு மாடிப்படியில் ஏறிட்டான். பின்னாடியே போனால்... ரெடிமேட் ப்ராஜெக்ட் ஆபீஸ்!

அங்கே இருந்தவர் எங்க ஐடியாவைப் பாதி கேட்கும்போதே ஷெல்ஃபிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து வெச்சார். 'மோட்டார் ப்ரொடெக்‌ஷன்தானே? இருக்கு. ரிப்போர்ட், பி.பி.டி. எல்லாம் சேர்த்து 14,000. நாலு பேரா வந்திருக்கீங்க, 12 குடுங்க.'

'மச்சி, இன்னும் தலைக்கு 1,500 போட்டா முடிஞ்சது. வருஷம் பூரா பிளேஸ்மென்ட்டுக்குப் படிக்கலாம்டா' என்றான் ப.ப. ஒரே நாளில் பட்ஜெட்டை டபுள் ஆக்கின நிதியமைச்சர் அவனாகத்தான் இருப்பான். ஆனாலும் அவன் சொன்னதில் தப்பு இல்லை. வீட்டில் எஜுகேஷன் லோன் ஓடுது. வேலை கிடைச்சே ஆகணும். டாப்பர் முகம் தொங்கிப்போச்சு. வேலூர்க்காரன் அந்தப் பெட்டியையே பார்த்துட்டு நின்னான்.

'யோசிச்சுட்டு வர்றோம்' என்று இறங்கிட்டோம்.

அடுத்து ஒரு பார்ட்ஸ் கடை. ஆள் நிற்க மட்டும்தான் இடம். பின்னாடி சுவர் முழுக்கத் தீப்பெட்டி சைஸ் டிராயர்கள். கல்லாவில் ஐம்பது வயசு அண்ணன் ஒருத்தர். 'ஒரு இ.எஸ்.பி. 32 போர்டு, கரன்ட் சென்சார், ரிலே' என்று டாப்பர் கெத்தாக லிஸ்ட் வாசிச்சான்.

அவர் எடுக்கலை. 'லோடு என்ன தம்பி?'

'மோட்டார்ண்ணே. ஒரு எச்.பி.'

'ஓடுறப்ப 6, 7 ஆம்ப் இழுக்கும். ஸ்டார்ட் ஆகுறப்ப?'

எங்க நாலு பேருக்கும் மெஷின்ஸ் பேப்பரில் மார்க் வந்திருக்கு. ஒருத்தன் வாயும் திறக்கலை.

'அஞ்சாறு மடங்கு இழுக்கும். நீ கேக்குறது 10 ஆம்ப் ரிலே. ரெண்டு மாசத்துல உள்ள கான்டாக்ட் உருகி ஒட்டிக்கும். ஆஃப் பண்ணச் சொன்னாலும் ஆஃப் ஆவாது. மோட்டாரைக் காப்பாத்தப் போன பொட்டியே மோட்டாரைக் கொளுத்திடும். ரிலேவை வெச்சு ஒரு கான்டாக்டரை இழு. கான்டாக்டர் உங்க ஊர் எலெக்ட்ரிக்கல் கடையிலயே கிடைக்கும், இங்க வாங்காத.'

அடுத்த கேள்வி. 'சென்சார் 5 வோல்ட், போர்டு 3.3. நேரா குடுத்தா போர்டு என்னாகும்?' கேட்டுக்கிட்டே ஒரு டிராயரைத் திறந்து, ரெண்டு ரெசிஸ்டரை எடுத்து கவுன்ட்டரில் போட்டார். 10 கே ஒண்ணு, 20 கே ஒண்ணு. வோல்ட்டேஜ் டிவைடர்! ஃபர்ஸ்ட் இயரில் படிச்சு, எக்ஸாமில் எழுதி, அங்கேயே விட்டுட்டு வந்த அதே டிவைடர். விலை, ஒண்ணு ஒரு ரூபாய்.

அப்போதான் வேலூர்க்காரன் முதல்முறையா வாயைத் திறந்தான். 'மேல அந்தப் பெட்டியில என்ன ரிலேடா இருந்துச்சு?'

மறுபடி மாடி ஏறினோம். பெட்டியைத் திறந்து பார்த்தால், அதே நீலக் கலர் சின்ன ரிலே. மேலேயே 10 ஆம்ப் என்று எழுதியிருக்கு. 'சார், இது மோட்டாரைத் தாங்குமா?' என்றால், 'டெமோல பல்புதானேப்பா போடப் போறீங்க! பல்பு சூப்பரா எரியும்' என்கிறார். நியாயமா பேசினால் அவர் பொய் சொல்லலை. அவர் விற்கிறது மார்க்கு. மோட்டாருக்கு அவர் கேரன்டி கொடுக்கவே இல்லையே. ஆனா பட்ஜெட் பத்மநாபனுக்கு முகம் மாறிடுச்சு. '12,000 குடுத்து இவங்க அப்பா மோட்டாரைக் கொளுத்தணுமா? இறங்குங்கடா' என்று முதல் ஆளா படியிறங்கினது அவன்தான்.

போர்டு 420, சென்சார் 220, பிரெட்போர்டும் வொயரும் 210, மஞ்சள் கலர் மல்டிமீட்டர் 260, சால்டரிங் செட் 350, அடாப்டரும் ரிலேவும் 190. ரெசிஸ்டர் ரெண்டுக்கும் அண்ணன் காசு வாங்கலை. ஆக மொத்தம் 1,650 ரூபாய். வெயிலுக்கு ஆளுக்கொரு லெமன் சோடா. மிச்சம் 4,000 சொச்சம், ப.ப. பாக்கெட்டில் பத்திரம்.

போகப்போற ஜூனியர்ஸுக்கு ரெண்டு விஷயம். 9,900 எம்.ஏ.எச். என்று அச்சடிச்ச 18650 பேட்டரியைக் காட்டினால் சிரிச்சுட்டு நகர்ந்திடுங்க. அந்த சைஸ் செல்லில் பாதி அளவு அடைக்கிறதே இன்னிக்கு வரைக்கும் நடக்காத காரியம். செகண்ட் ஹேண்ட் லேப்டாப்னா, வெளியே பளபளப்பைப் பார்த்து மயங்காமல் விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்க. புதுசில் எவ்வளவு தாங்குச்சு, இப்போ எவ்வளவு தாங்குதுன்னு ரெண்டு நம்பரும் பக்கத்துப் பக்கத்துல காட்டிடும். எடுத்துக் காட்டத் தயங்குற கடையா இருந்தா, அடுத்த கடை நாலடியில் இருக்கு.

திரும்பும்போது கிண்டியில் தாம்பரம் லோக்கலில் ஏறினதும் வேலூர்க்காரன் வீட்டுக்கு போன் போட்டான். கூட்ட இரைச்சலில் ஸ்பீக்கரில்தான் போட முடிஞ்சது. வாங்கின சாமான் ஒவ்வொண்ணா சொன்னான். அந்தப் பக்கம் அவங்க அப்பா எல்லாத்துக்கும் 'ம்... ம்...' மட்டும்தான். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

'மாசி பொறந்தா போர்ல தண்ணி எறங்கிடும்டா. அதுக்குள்ள ஆயிடுமா?'

எங்க ஃபைனல் வைவா சித்திரைக்குப் பக்கத்தில்தான் வரும். பல்லாவரம் தாண்டுறதுக்குள் டாப்பர் ஒரு பழைய ஹால்டிக்கெட்டின் பின்பக்கம் சர்க்யூட் வரைய ஆரம்பிச்சிருந்தான்.