38-வது வளைவில் நின்ற வண்டி

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். பின்சீட்டில் தாத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள், ஒவ்வொரு வளைவின் எண்ணையும் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே வந்தாள். "முப்பத்தெட்டு" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வேகம் கூடவில்லை, நடுக்கம்தான் கூடியது. டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

அப்பாவுக்கு வயது 78. கல்யாணத்துக்கு முன்பு இரண்டு வருஷம் செம்மேட்டில் ஆசிரியராக இருந்தவர். அந்தப் பள்ளிக்கூடத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காலாண்டு விடுமுறையில் ராசிபுரத்துக்கு வந்ததே அதற்காகத்தான்.

"மெதுவா ஏறிடலாம்டா, இன்னும் பாதிதானே" என்றார்.

எனக்கும் ஆசைதான். ஆனால், அந்த விளக்கு நிலையாக எரிந்தால் ஒரு அர்த்தம், மின்னினால் வேறு அர்த்தம். நிலையாக எரிந்தால் சீக்கிரம் மெக்கானிக்கிடம் காட்டு என்று பொருள். மின்னினால், ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே சைலன்ஸர் பக்கம் போகிறது என்று பொருள். அந்தப் பெட்ரோல் அங்கே இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதையே பழுக்கக் காய்ச்சிவிடும். அதை மாற்றும் செலவுக்கு ஒரு நல்ல பழைய பைக் வாங்கலாம். வண்டியைத் திருப்பினேன். இறங்கும்போது மகள் எண்களைப் படிக்கவில்லை.

வண்டி 2007 மாடல் பெட்ரோல் எஸ்.யூ.வி. கம்பெனி பெயர் வேண்டாம், தப்பு அதன் மேல் இல்லை. நான் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஓடியது 1,40,000 கிலோமீட்டர். முந்தைய ஓனர் கொடுத்த சர்வீஸ் பில்களில் ஆயில் இருந்தது, பிரேக் இருந்தது, டயர் இருந்தது. ஸ்பார்க் பிளக் என்ற வார்த்தையே இல்லை. அன்றைக்கு அதைக் கவனிக்காமல் விட்டது நான்தான்.

சேந்தமங்கலத்தில் ஒரு வொர்க்‌ஷாப்பில் நிறுத்தினோம். நாமக்கல் மாவட்டம் லாரிகளின் ஊர். பாடி கட்டுவதில் பெயர் வாங்கிய இடம். "டீசல் வண்டின்னா இங்க சின்னப் பையனே பிரிச்சு மாட்டிருவானுங்க. உங்களது பெட்ரோலுங்களே" என்று சிரித்தார் மெக்கானிக். டீசல் இன்ஜினில் காற்றை அழுத்தும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும், பொறி தேவையில்லை. பெட்ரோலுக்குத்தான் ஒவ்வொரு முறையும் பொறி வேண்டும்.

ஆனாலும் மனிதர் கெட்டிக்காரர். என்னிடம் இருந்த சின்ன ஸ்கேனரை ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினோம். போனில் பி-0302 என்று வந்தது. கடைசி எண்தான் சிலிண்டர். இரண்டாவது சிலிண்டர் எரியவில்லை. என்னுடையது போன்ற வண்டிகளில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனியாக ஒரு இக்னிஷன் காயில் உட்கார்ந்திருக்கும். பேட்டரியின் 12 வோல்ட்டை 20,000 வோல்ட்டுக்கும் மேலே ஏற்றிப் பிளக்குக்குக் கொடுப்பது அதன் வேலை. அவர் இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றினார். பழைய கோடை அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் இப்போது பி-0303. கோளாறு காயிலோடு கூடவே நகர்ந்துவிட்டது. அப்படியானால் குற்றவாளி காயில்தான். நகராமல் அதே சிலிண்டரில் நின்றிருந்தால் பிளக்கையோ, இன்ஜெக்டரையோ, இன்ஜினின் உள்பக்கத்தையோ பார்க்க வேண்டியிருக்கும். பைசா செலவில்லாத சோதனை இது. இதைச் செய்யாமலேயே "நாலையும் மாத்திடுங்க" என்று சொல்லும் இடங்கள் உண்டு.

பிறகு பிளக்குகளையும் கழற்றிக் காட்டினார். எரிந்த நிறம் நன்றாகத்தான் இருந்தது, வெளிர் பழுப்பு. கரி படிந்த கறுப்போ, எண்ணெய்ப் பிசுக்கோ இல்லை. ஆனால் பொறி தாவும் இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டரை நெருங்கிவிட்டது. இருக்க வேண்டியது 1.1. இன்னொன்று, அவை சாதாரண நிக்கல் பிளக்குகள். வண்டியின் மேனுவலில் போட்டிருப்பது இரிடியம். யாரோ எப்போதோ விலை குறைவு என்று மாற்றிவிட்டு மறந்துபோயிருக்கிறார்கள்.

கதை அப்போதுதான் புரிந்தது. பிளக் தேயத் தேய இடைவெளி அகலும். அகல அகல, தாவுவதற்குக் காயில் அதிக வோல்ட் கொடுக்க வேண்டும். சமவெளியில் எப்படியோ சமாளித்துவிடும். மலை ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது, அந்த அழுத்தத்தில் பொறி தாவ இன்னும் அதிக வோல்ட் வேண்டும். சென்னை டிராஃபிக்கில் ஒரு வருஷம் சத்தமில்லாமல் ஓடிய வண்டி 38-வது வளைவில் மூச்சு வாங்கியது அதனால்தான்.

பழுதான சிலிண்டருக்குப் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரின் வயரைக் கழற்றிவிட்டு, "மூணு சிலிண்டர்ல மெதுவா வீடு போய்ச் சேருங்க" என்றார். ராசிபுரம் வரை மாட்டு வண்டி வேகம். மகளைத் தாத்தாவிடம் விட்டுவிட்டு, சேலத்தில் ரயிலேறினேன். சட்டைப் பையில் பழைய பிளக் ஒன்று, பையில் செத்த காயில்.

சென்னையில் கார் உதிரி பாகம் என்றால் இரண்டு உலகங்கள். புதுசுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழசுக்குப் புதுப்பேட்டை. இரண்டுக்கும் நடுவே அண்ணா சாலை.

எல்.ஐ.சி. மெட்ரோவில் இறங்கி ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குள் நடந்தேன். வாசல் ஆறடி அகலம், உள்ளே கூரை வரை அட்டைப் பெட்டி. இப்படிக் கடை கடையாகப் போகும். கல்லாவில் இருந்தவரிடம் வண்டியின் பெயரையும் வருஷத்தையும் சொன்னேன். "அது வேணாம் சார், சேஸிஸ் நம்பர் சொல்லுங்க" என்றார். ஒரே மாடலில், ஒரே வருஷத்தில்கூட இரண்டு விதமான இன்ஜின் வந்திருக்கும். காயிலின் வயர் சொருகும் இடத்தில் இருக்கும் பின்களின் எண்ணிக்கைகூட மாறலாம். ஆர்.சி. புத்தகத்தைப் போட்டோ எடுத்துப் போயிருந்தேன், பிழைத்தேன்.

என்.ஜி.கே.யில் என் வண்டிக்கானது கடைக்குக் கையிருப்பில் இல்லை. உள்ளே இருந்த பையன் வேறொரு கம்பெனிப் பெட்டியை எடுத்துவந்து, "இதுலயும் ஆறு போட்டிருக்கு சார், ஒண்ணுதான்" என்றான். பெரியவர் அவனை ஒரு பார்வை பார்த்தார். எனக்கும் அன்றுதான் தெரிந்தது. பிளக்கின் எண்ணில் ஒரு பகுதி, அது எவ்வளவு சூட்டை இன்ஜினுக்குக் கடத்திவிடும் என்பதைச் சொல்கிறது. என்.ஜி.கே.யிலும் டென்சோவிலும் எண் கூடினால் அது குளிர்ச்சியான பிளக். பாஷ் கம்பெனியிலோ எண் கூடினால் சூடான பிளக். என்.ஜி.கே.யின் 6-க்குச் சமமானது டென்சோவில் 20, பாஷில் 7. எண் ஒன்றாக இருக்கிறதே என்று மாட்டினால் மலையில் இன்ஜின் தட்டும், இல்லையென்றால் ஊருக்குள் கரி பிடிக்கும். பெரியவர் தடிமனான கேட்டலாக்கைப் புரட்டி, டென்சோவில் பொருந்தும் எண்ணைக் கண்டுபிடித்தார். இரிடியம், நான்கு. பில் போட்டு வாங்கினேன். நடுமுனை பென்சில் கூரைவிட மெல்லிசு. மெல்லிசான முனையிலிருந்து பொறி எளிதாகத் தாவும், காயிலுக்குப் பாரம் குறையும். விலை கூடுதல்தான், ஆனால் ஒரு லட்சம் கிலோமீட்டர் பக்கம் தாங்கும்.

போலிகளைப் பற்றிக் கேட்டேன். "வாஷரை உருட்டிப் பாருங்க, தானா கழண்டு விழக் கூடாது. எழுத்து மங்கலா, கோணலா இருக்கக் கூடாது. முக்கியமா பில் கொடுக்காதவன்கிட்ட வாங்காதீங்க" என்றார். ஆன்லைனில் பாதி விலைக்குப் பார்த்து வைத்திருந்ததை அவரிடம் சொல்லவில்லை.

காயில்தான் சிக்கல். கார் கம்பெனியின் பெட்டியில் வருவது, நான்குக்கும் சேர்த்தால் தலை சுற்றும் விலை. பெரியவர் என் செத்த காயிலை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அதன் முதுகில் அதைத் தயாரித்தவரின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. கார் கம்பெனிகள் காயிலைப் பெரும்பாலும் தாங்களே செய்வதில்லை. தயாரித்தவரே தன் சொந்தப் பெட்டியில் விற்பதை வாங்கினால் விலை நன்றாகக் குறைகிறது. ஆனால் அவரிடம் இருந்தது இரண்டே இரண்டு.

"பழசுல நாலு கிடைக்குமான்னு புதுப்பேட்டையில பாருங்களேன்" என்றார் பக்கத்தில் நின்ற ஒரு டிரைவர். இரண்டையும் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

புதுப்பேட்டை என்றால் பலருக்குத் தனுஷ் படம் ஞாபகம் வரும். நிஜப் புதுப்பேட்டையில் கார்கள் துண்டு துண்டாக வாழ்கின்றன. ஒரு கடையில் கதவுகள் மட்டும். ஒன்றில் ஹெட்லைட்டுகள், கண் பிடுங்கி வைத்ததுபோல. நடைபாதையில் கியர் பாக்ஸ், அதன் மேல் டீ டம்ளர். எண்ணெய் நாற்றமும் கூவம் நாற்றமும் கலந்து ஒரு கட்டத்துக்கு மேல் மூக்குக்குப் பழகிவிடுகிறது.

மூன்று கடை ஏறி இறங்கி, நான்காவதில் என் மாடலைப் பிரித்துப் போட்டிருந்த பாயிடம் நின்றேன். காயில் இருந்தது, நான்கும். புதுசின் விலையில் ஐந்தில் ஒரு பங்கு. பணத்தை எடுக்கப் போனேன்.

"எங்க ஓட்டுறீங்க சார்?"

"கொல்லிமலைக்கு, பாய். அப்பாவைக் கூட்டிட்டுப் போகணும்."

அவர் காயிலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "கதவு வாங்குங்க, கண்ணாடி வாங்குங்க, தைரியமா வாங்குங்க. காயில் மட்டும் பழசு வேணாம். உள்ள சன்னமா விரிசல் இருந்தா எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. சூடானாதான் தெரியும். அப்ப நீங்க மலை மேல இருப்பீங்க."

வந்த வியாபாரத்தை வேண்டாம் என்று சொன்னவரிடம் எதையாவது வாங்காமல் வர மனசில்லை. என் வண்டியில் காயில் வயரின் பிளாஸ்டிக் கொக்கி உடைந்து, மெக்கானிக் டேப் சுற்றியிருந்தது ஞாபகம் வந்தது. சொன்னேன். உள்ளே போய், ஒரு சாண் வயரோடு வெட்டிய கனெக்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். "இதைத் தனியா எந்த ஷோரூம்லயும் தர மாட்டான்." 100 ரூபாய். அந்தப் பயணத்தில் நான் வாங்கியவற்றில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் அதுதான்.

திரும்பி வந்து புதுக் காயில்கள் இரண்டையும் வாங்கினேன். ஒன்றை மாட்ட, ஒன்று ஸ்டெப்னி மாதிரி டிக்கியில் கிடக்க. நான்கையும் மாற்றியிருக்கலாம் என்பவர்கள் இருப்பார்கள். மற்ற மூன்றும் நன்றாக வேலை செய்கின்றன, பிளக் புதுசானதும் அவற்றின் பாரமும் குறையும், பத்து நிமிஷத்தில் மாற்றிவிடலாம் என்பது என் கணக்கு.

அடுத்த சனிக்கிழமை காலை, ராசிபுரம் வீட்டு வாசலில், இன்ஜின் சில்லென்று இருக்கும்போதே வேலையை ஆரம்பித்தோம். அலுமினிய இன்ஜினில் சூட்டோடு பிளக்கைக் கழற்றினால் மரை பெயர்ந்துவிடும். கழற்றும் முன் குழியில் இருக்கும் தூசியை வெளியேற்ற வேண்டும், உள்ளே விழக் கூடாது. அப்பா தன் சைக்கிள் பம்ப்பை எடுத்துவந்தார். சேந்தமங்கலத்து மெக்கானிக் சொல்லிக்கொடுத்தபடி, ஒரு ரப்பர் குழாயின் நுனியில் பிளக்கைச் செருகிக் கையால் முறுக்கினேன். கோணல் விழுந்தால் ரப்பர் வழுக்கும், மரை கெடாது. அடியில் உட்கார்ந்தபின் ஸ்பேனரால் அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். இன்ஜெக்டர் வயரை மறக்காமல் மாட்டினேன். மகள் தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சீட்டில் எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒட்டினாள். அடுத்து வாங்குகிறவருக்காவது தெரியட்டும்.

காரவள்ளியில் மகள் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். முப்பத்தைந்துக்குப் பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது. முப்பத்தெட்டை யாருமே சொல்லவில்லை. அப்பா முன்சீட்டின் முதுகைப் பிடித்திருந்தார். நாற்பதைத் தாண்டிய பிறகு, "மிளகுக் கொடி பாரு" என்று கையை எடுத்து வெளியே காட்டினார்.

செம்மேட்டில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே நிறுத்தினேன். அப்பாவுக்குத் தெரிந்த ஓட்டுக் கட்டடம் இல்லை, புதுசாக எழுப்பியிருக்கிறார்கள். ஓரத்தில் ஒரு பலாமரம் மட்டும் பழசு. அதைப் பார்த்ததும் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தவர், என் கை சாவிக்குப் போவதைப் பார்த்துவிட்டார்.

"ஆஃப் பண்ணாதேடா. மறுபடி ஸ்டார்ட் ஆகலேன்னா?"

"ஆகும்ப்பா" என்று சாவியைத் திருப்பி, எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பேத்தியின் தோளைப் பிடித்தபடி மரத்தைப் பார்க்கப் போனார்.