மெழுகு உருளையில் ஒரு குரல்

ஹைதராபாத்தில் மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் மாணவி ஒருவர், பேய்க்கதைகளை வாசிப்பதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தார். அவரது அலமாரியில் இலக்கண நூல்களுக்கு அடுத்தபடியாக அசோகமித்திரனுக்கு மட்டுமே இடமுண்டு. அப்படிப்பட்டவர் சென்ற மாதம் பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’வை மூன்றே இரவுகளில் வாசித்து முடித்தார். சவரம் செய்யும் ஹார்க்கரின் கண்ணாடியில் பின்னால் நிற்கும் பிரபுவின் உருவம் தெரியாமற்போகும் இடத்தில், எழுந்து அறையின் இன்னொரு விளக்கையும் போட்டுக்கொண்டாராம்.

இரசனை மாறிவிட்டதெனத் தோழியர் கேலி செய்தனர். உண்மையில் ஒரு வேலையைத் தள்ளிப்போடவே அந்நூலை எடுத்தார். ஆதிலாபாத் பகுதியில் பதிவுசெய்த கோலாமி மொழி உரையாடல்களில் ஏழு மணி நேரம் இன்னும் எழுத்தாகப் பெயர்க்கப்படாமல் கிடந்தது. அவற்றில் பேசிய மூதாட்டி இப்போது உயிருடன் இல்லை. கோப்பைத் திறந்தால் முதலில் கேட்பது அவரது இருமல்; அடுத்து, சாப்பிட்டாயா என்னும் விசாரிப்பு. அதற்குமேல் மாணவியால் கேட்க இயலவில்லை.

1897இல் வெளிவந்த அந்நாவல் முழுவதும் ஆவணங்களால் ஆனது: நாட்குறிப்புகள், கடிதங்கள், தந்திகள், செய்தித்தாள் நறுக்குகள். வான் ஹெல்சிங்கின் நீண்ட உரைகள் சலிப்பூட்டுபவைதாம். ஆனால் பிரபுவைப் பாருங்கள். நூல்களின் வழியே ஆங்கிலம் கற்றவன் அவன். இலண்டன் தெருவில் எவரும் தன்னை அந்நியனென்று இனங்காணாதபடி பேச்சுத்தொனி கைவரவேண்டுமென்று ஹார்க்கரிடம் பாடம் கேட்கிறான். இரத்தம் குடிப்பவனுக்கு உச்சரிப்புக் கவலை! மொழியியல் படித்தவர் எப்படி நூலை மூடிவைப்பார்? மருத்துவர் சூவர்டோ ஃபோனோகிராஃபின் மெழுகு உருளைகளில் நாட்குறிப்பைப் பேசிப் பதிகிறார். பல மாதங்கள் பதிந்த பிறகே, வேண்டிய பகுதியை அவற்றிலிருந்து தேடியெடுக்கும் வழி தமக்குத் தெரியாதென்பது அவருக்கு உறைக்கிறது. களப்பணி செய்த எவருக்கும் அந்தத் திகைப்பு புதிதன்று.

அவ்வுருளைகளைக் கேட்டுத் தட்டச்சு செய்பவள் மினா. அவளுடைய தோழி லூசியின் மரணமும் அவற்றில் இருக்கிறது. சூவர்டின் வேதனை குரலில் அப்படியே கேட்கிறது. அதை இனி வேறெவரும் கேட்க நேராதிருக்கவே சொற்களைத் தாளில் இறக்கியதாக அவரிடமே சொல்கிறாள். பின்னர் பிரபு உருளைகளை நெருப்பிலிடுகிறான். இரும்புப் பெட்டியிலிருந்த தட்டச்சுப் படி மட்டும் தப்புகிறது.

மாணவி இந்தப் பக்கங்களை இருமுறை வாசித்தார். மினாவுடன் அவருக்கு முழு உடன்பாடில்லை. குரலை நீக்கிவிட்டால் கோலாமியில் எஞ்சுவது என்ன, தொனி எங்கே, தயக்கம் எங்கே என்று தோழியரிடம் வாதிட்டார். எனினும், கேட்பதற்கு ஒருவர் துணிந்து அமர்ந்திராவிட்டால் அந்தப் படியே இருந்திராது என்பதையும் அவரே சொன்னார்.

மறுநாள் காலை முதல் கோப்பைத் திறந்தார். இருமலுக்கும் ஒரு குறியீடு இட்டார். நண்பகலுக்குள் நான்கு நிமிடங்கள் எழுத்தாகியிருந்தன.