வேலியும் பயிரும்

வேலியே பயிரை மேய்ந்த கதையைத் தமிழர் பெரும்பாலும் ஊர்ப் பொதுவாழ்வுக்கே உவமையாகக் கூறுவர். மனித உடலுக்குள்ளும் அத்தகைய வேலி ஒன்று உண்டு. நோயணுக்களிடமிருந்து உடலைக் காக்கும் அவ்வேலி, சில வேளைகளில் காக்க வேண்டிய உறுப்பையே மேய்ந்துவிடுகிறது. இது ஆய்வுக்கூடத்தில் மட்டும் பேசப்பட வேண்டிய செய்தியன்று. தோட்டத்து லயங்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் பேசப்பட வேண்டியது.

நெகிரி செம்பிலானில், நீலாய்க்கும் சிரம்பானுக்கும் இடையில், இரயில் பாதையை ஒட்டி அமைந்தது லாபு. மலாய் மொழியில் அச்சொல் சுரை, பூசணி முதலிய காய்களைக் குறிக்கும். லாபு, கிர்பி முதலிய தோட்டங்களின் பெயர்களை அவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளிகள் தாங்கி நின்றன. பால்மரம் கோலோச்சிய காலத்தில், பொழுது புலருமுன் பெற்றோர் பிரட்டுக்களம் செல்வர். கைக்குழந்தை ஆயாக் கொட்டகைக்குப் போகும். மூத்த பிள்ளை தானே முகம் கழுவிப் பள்ளிக்குப் புறப்படும். பல குடும்பங்களுக்கு ஒரு தண்ணீர்க் குழாய், பல பிள்ளைகளுக்கு ஒரு பாய் என்றிருந்த லயத்து வாழ்க்கையில் சொறியும் சிரங்கும் பிள்ளைகளோடு பிறந்தவை போலவே கருதப்பட்டன. தோட்ட மருந்தகத்தில் டிரஸர் தடவிய களிம்போடு அக்கவலை தீர்ந்தது. சிரங்கு ஆறிவிட்டால் நோயும் போயிற்று என்பதே தாய்மாரின் நம்பிக்கை.

நோய் சில பிள்ளைகளிடம் அவ்வாறு போய்விடுவதில்லை. சிரங்குப் புண்ணில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் நுண்ணுயிர் குடிபுகுந்திருப்பின், ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குப் பின் பிள்ளை ஒருநாள் காலையில் கண்ணிமை தடித்து, முகம் உப்பி எழுந்திருக்கும். சிறுநீர் கறுத்த தேநீர் நிறமாக இறங்கும். இரத்த அழுத்தம் ஏறும். தூக்கம் போதவில்லை என்று தாய் எண்ணக்கூடும். உண்மையில் அப்பிள்ளையின் சிறுநீரகம் அழன்றுகொண்டிருக்கிறது. ஆறிய புண்ணுக்கும் அழலும் சிறுநீரகத்துக்கும் என்ன தொடர்பு? அதற்கு விடை கூறுவனவே நிரப்புப் புரதங்கள்.

1890-களில் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றிய ஜூல் போர்தே என்னும் பெல்ஜிய அறிஞர் ஓர் உண்மையைக் கண்டார். நோயெதிர்ப்புப் பெற்ற விலங்கின் குருதிநீரை 56 பாகை வரை சூடாக்கினால் அது நோயணுவைக் கொல்லும் ஆற்றலை இழக்கிறது. நோயெதிர்ப்புப் பெறாத விலங்கின் புதிய குருதிநீரைச் சிறிது சேர்த்தாலோ, ஆற்றல் மீள்கிறது. எதிர்ப்பொருளின் வேலையை நிறைவு செய்யும் வேறொன்று குருதியில் உண்டு என்பது இதனால் தெளிவாயிற்று. அதற்கு ‘நிரப்புவது’ என்னும் பொருள்படப் பெயரிட்டவர் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக். 1919-ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு போர்தேக்குக் கிடைத்தது.

அஃது ஒரு பொருளன்று, முப்பதுக்கு மேற்பட்ட புரதங்களின் கூட்டம் என்று பின்னர் அறியப்பட்டது. அவற்றுட் பெரும்பாலானவற்றை ஈரல் ஆக்குகிறது. அவை குருதியில் உறங்கிக் கிடப்பவை. துரையின் ஆணை கிராணிக்கும், கிராணியிடமிருந்து கங்காணிக்கும், கங்காணியிடமிருந்து ஆட்களுக்கும் பரவுவது போல, ஒரு புரதம் விழித்து அடுத்ததை எழுப்புகிறது. எழுப்பும் வழிகள் மூன்று. அம்மூன்றும் வந்து கூடுமிடம் சி3 என்னும் புரதம். அது நோயணுவின் மேல் ஒட்டி அடையாளமிடும். அதிலிருந்து பிரியும் துண்டு வெள்ளணுக்களை வரவழைக்கும். இறுதியில் வரும் புரதங்கள் வளையமாகச் சேர்ந்து நோயணுவின் உறையைத் துளைத்துவிடும்.

இத்தகைய படை தன் வீட்டையே தாக்காதிருக்க, உடலணுக்களின் மேல் தடுப்புப் புரதங்கள் அமைந்துள்ளன. சிறுநீரகத்தில் குருதியை வடிகட்டும் மெல்லிய சவ்வில் அத்தகைய தடுப்பு இல்லை. குருதியில் வரும் காவலையே அது நம்பியிருக்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸின் எச்சங்களும் அவற்றைப் பற்றிய எதிர்ப்பொருள்களும் அங்கே படியும்போது, நிரப்புப் புரதங்கள் பகைவன் இருக்கிறான் என்று கருதித் திரண்டெழுகின்றன. வடிகட்டி வீங்கி அடைபடுகிறது. அந்நிலையில் பிள்ளையின் குருதியைச் சோதித்தால் சி3 குறைந்திருக்கும், அது செலவழிந்துவிட்டது. பெரும்பாலான பிள்ளைகள் நலமடைகின்றனர். ஆறு முதல் எட்டு வாரங்களில் சி3 பழைய அளவை எட்டுகிறது. எட்டாவிடின் வேறு நோயைத் தேட வேண்டும் என்று மருத்துவர் அறிவர்.

இதில் வியப்பான செய்தி இன்னொன்று உண்டு. சிரங்கை உண்டாக்கும் நுண்பேன், நிரப்புப் புரதங்களைச் செயலிழக்கச் செய்யும் புரதங்களைச் சுரக்கிறது என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர் இந்நூற்றாண்டில் கண்டறிந்தனர். அதனால் தோலில் காவல் தளர்கிறது, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் செழிக்கிறது. எழ வேண்டிய தோலில் அடங்கிவிட்ட படை, வாரங்கள் கழித்து எழக்கூடாத சிறுநீரகத்தில் எழுகிறது.

மிகுதியும் குறைவும் ஆகிய இரண்டுமே நோய் தரும் என்பது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்து முதற்குறளின் கருத்து. அது வாதம் முதலிய மூன்றைப் பற்றியது. ஆயினும் நிரப்புப் புரதங்களுக்கும் அக்கருத்து பொருந்துகிறது. சி5 முதல் சி9 வரையிலானவற்றுள் ஒன்று பிறவியிலேயே இல்லாதவரை, மூளையுறை அழற்சி தரும் மெனிங்கோகாக்கஸ் மீண்டும் மீண்டும் தாக்கக்கூடும். சி1க்யூ என்னும் புரதம் அறவே இல்லாதவருள் மிகப் பலருக்கு லூபஸ் என்னும் நோய் வருகிறது. அடக்கும் புரதம் குறைந்தாலோ, படை கட்டற்றுப் போகும்.

லாபுவின் லயங்கள் தனித்தவை அல்ல. இந்தியத் தொழிலாளர் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட டிரினிடாட் தீவின் தென்பகுதியில், தோற்புண்களைத் தொடர்ந்து பிள்ளைகளிடம் இச்சிறுநீரக அழற்சி கொள்ளைநோயாக மீண்டும் மீண்டும் தோன்றியது. பூன்-கிங் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் அதனை ஆராய்ந்து 1967-இல் வெளியிட்டனர். கடல்கள் இடையிட்ட இரு நிலங்களிலும் வாழ்க்கை ஒத்திருந்தது: நெருக்கமான குடியிருப்பு, குறைந்த தண்ணீர், கவனிக்கப்படாத புண்.

இன்று நிரப்புப் புரதங்களை அடக்கும் மருந்துகள் உண்டு. அவற்றுள் முதலாவது 2007-இல் அமெரிக்காவில் ஓர் அரிய குருதிநோய்க்கு ஏற்கப்பட்டது. உலகின் மிக விலையுயர்ந்த மருந்துகளுள் அது ஒன்றாயிற்று. சிரங்குப் பிள்ளைக்கு அம்மருந்து வேண்டியதில்லை. சவர்க்காரமும் தண்ணீரும், வீட்டார் அனைவருக்கும் ஒரே நாளில் பூசும் சிரங்கு மருந்தும், புண் கண்டவுடன் உரிய சிகிச்சையும் போதும். தொழிலாளர் குடியிருப்புக்குத் தண்ணீர் வசதி தருவது முதலாளியின் கடமை என்று மலேசியாவின் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அக்கடமையைச் சிறுநீரகத்தைக் காக்கும் மருந்து என்றே கூறலாம்.

பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது; செம்பனை இருந்த இடங்களிற் பல வீடமைப்புப் பகுதிகளாயின. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களோடு நெருக்கமான வாழ்க்கையும் நகரக் குடியிருப்புகளுக்கு இடம்பெயர்ந்தது. சிரங்கும் முற்றும் நீங்கவில்லை. தாய் இருட்டில் வேலைக்குப் புறப்படும் வீடுகளில், பிள்ளையின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் முதலிற் காண்பவர் ஆசிரியரே. வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது உப்பிய முகம் ஒன்று கண்ணிற் பட்டால், “அண்மையில் சிரங்கு வந்ததா? சிறுநீர் என்ன நிறம்?” என்று அவர் வினவட்டும், அன்றே மருத்துவரிடம் அனுப்பட்டும். உடலின் வேலிக்கு நன்மை தீமை அறியும் அறிவு இல்லை. அவ்வறிவு, பிள்ளையைச் சூழ்ந்து நிற்கும் பெரியோரிடம் இருக்க வேண்டும்.