நெடுந்தீவின் கட்டாக்காலிகள்

பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை வழியாகப் புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையை அடைந்ததும் பயணிகள் இரு கூறாகப் பிரிவர். நாகபூசணி அம்மனைத் தரிசிக்கச் செல்வோர் நயினாதீவுப் படகில் ஏறுவர். ஏனையோர் நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருப்பர். நாம் இரண்டாவது கூட்டத்தில் நின்றோம். ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். சோளகக் காலமாதலின் அலை சற்றுக் கடுமையாகவே இருந்தது.

சாந்து பூசாது முருகைக்கற்களை அடுக்கி எழுப்பிய வேலிகளே தீவில் முதலிற் கண்ணைக் கவர்வன. அவற்றைக் கடந்து வெட்டைவெளிக்கு வந்தால் குதிரைகள் மேய்கின்றன. உருவிற் சிறியவை, பிடரிமயிர் காற்றில் அலைய, ஆளைக் கண்டதும் விலகி ஓடுகின்றன. "காட்டுக் குதிரைகள்!" என்று நம்முடன் வந்த இளைஞர் வியந்தார். வழிகாட்டியாய் வந்த தீவு முதியவர், "காட்டுக் குதிரை இல்லைத் தம்பி, கட்டாக்காலி" என்று திருத்தினார்.

கூர்ப்பியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை அவ்வொரு சொல் விளக்கிவிட்டது. கட்டாக்காலி என்பது ஒருகாலத்திற் கட்டப்பட்டிருந்த இனத்தின் வழிவந்தது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலக் குதிரைகளின் சந்ததி இவை. பழைய குதிரை லாயத்தின் இடிபாடுகள் இன்றும் உள. ஆகவே இவற்றின் காட்டுத்தன்மை பழமையன்று. சில நூற்றாண்டுப் புதுமையே.

ஒரு மூதாதையும் அதன் வழித்தோன்றல்கள் அனைத்தும் அடங்கியதே உண்மையான உயிரினக் குழு என்பது, ஜெர்மானியப் பூச்சியியலறிஞர் வில்லி ஹென்னிக் 1950இல் வெளியிட்ட நூலிலிருந்து வளர்ந்த கொள்கை. தளையின்றித் திரிவன என்பதற்காக நெடுந்தீவுக் குதிரையையும் மொங்கோலியாவின் பிரெசுவால்ஸ்கிக் குதிரையையும் ஒரு குழுவாக்கினால் அக்கொள்கை இடந்தராது. மொங்கோலியக் குதிரை தனிக்கிளை. நெடுந்தீவுக் குதிரைக்கு அதனிலும் நெருங்கிய உறவு, சென்னைக் கடற்கரையிற் சிறுவரைச் சுமக்கும் குதிரையே! உலகின் இன்றைய வளர்ப்புக் குதிரைகள் வொல்கா, தொன் ஆற்றுப் புல்வெளிகளிலிருந்து ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் பரவத் தொடங்கியவை என 2021இல் 'நேச்சர்' இதழில் வந்த மரபணு ஆய்வு காட்டிற்று.

இன்னொன்று. பழமை, புதுமை என்பன ஓருயிர் முழுவதற்கும் சூட்டத்தக்க பட்டங்களல்ல. உறுப்புக்கு உறுப்பு வேறுபடும். ஏறத்தாழ 5½ கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த குதிரை மூதாதைக்கு முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. இன்றைய குதிரை ஒற்றை விரலின் குளம்பால் ஓடுகிறது. அது வழிவந்த புதிய அமைப்பு. நம் கையோ, முதற் பாலூட்டிகளுக்கும் முந்திய ஐவிரல் அமைப்பை விடாது வைத்திருக்கிறது. குதிரையைத் தடவ நீளும் கைதான் இரண்டிலும் பழையது. மனிதனே எல்லாவற்றிலும் முன்னேறியவன் என்று கருதுவோருக்கு இது சற்றுக் கசக்கலாம்.

பெயர்ச்சண்டை இது எனத் தள்ளிவிடுதற்கில்லை. காட்டு விலங்காயின் இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடலாம். கப்பலேற்றிக் கொணர்ந்து, பயன் தீர்ந்தபின் கைவிட்ட விலங்கின் சந்ததியை அவ்வாறு விடலாமா? நெடுந்தீவில் நன்னீர் அரிது. வறட்சியில் இக்குதிரைகள் மடிந்த செய்திகளை நாளேடுகளிற் படித்திருக்கிறோம்.

திரும்பும் வழியில் ஒரு கிணற்றடியில் மாட்டுத்தொட்டி வறண்டு கிடந்தது. சற்றுத் தள்ளி ஒரு தாய்க்குதிரையும் குட்டியும் நின்றன. படகுக்கு நேரமாகிறது என்றோம். முதியவர் வாளியைக் கிணற்றில் இறக்கிக்கொண்டிருந்தார்.